காணாமற்போன சரணம்

துபாய்க்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத வழக்கம், ஒரே பாட்டை மூன்று முறை வாங்குவது. நான் வேலை பார்க்கும் கேசட் கடைக்குத் துறைமுக அலுவலகத்து ஆங்கிலேய இளைஞர் ஒருவர் வாரந்தோறும் வருவார். கேட்பது எந்திர மேளம் ஓயாத டிஸ்கோ. ‘இது உங்களிடம் இருக்கிறதே’ என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். விற்க மனமில்லாதவன் என்று கருதி முதலாளியிடம் முறையிட்டுவிட்டார். வானொலிக்குக் குறுக்கியது வேறு, நடன அரங்குக்கு நீட்டிய ரீமிக்ஸ் வேறு என்பது பிறகே விளங்கிற்று. ஊரில் புலவர் தேர்வுக்குப் படித்தபோது பாடபேதமும் இடைச்செருகலும் தேடிய கண், இங்கே செவியாயிற்று. இரண்டு கேசட்டுகளை அடுத்தடுத்து ஓடவிட்டு, எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று சொல்வதே என் பிழைப்பு. நாளடைவில் எதைக் கேட்டாலும் வெட்டைத் தேடலானேன்.

சென்ற விடுமுறையில், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், தென்காசி வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு வந்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பேச்சு பதியும், பின்னால் சுற்றிவிட்டு மறுபடி அழுத்தினால் முந்தியது அழியும் என்று மனைவி கோமதிக்குக் கற்பித்தவன் நானே. அவள் பேசி அனுப்பிய முதல் கேசட்டை துபாயில் எங்கள் அறையில் தங்கியிருந்த பத்துப் பேரும் சுற்றியமர்ந்து கேட்டோம். யாருக்கு வந்தாலும் அப்படித்தான். தனியே கேட்பவனை அறை மதிக்காது. அவள் குரலுக்குப் பின்னால், பக்கத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்ததும் சட்டென்று இரண்டாம் சரணம். முதல் சரணத்தைக் காணோம்.

அறைத்தோழன் கடையநல்லூர் சாகுலுக்கும் அது தட்டுப்பட்டுவிட்டது. “மைனி என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டாவ, அண்ணாச்சி” என்றான். அறை சிரித்தது. மறுநாள் கடையில் அதே பாட்டை எடுத்து ஒப்பிட்டேன். ஒரு நிமிடத்துக்கும் மேல் பேசியதை அழித்து, அதன்மேல் வேறு பேசியிருந்தாள். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதேனுமா? வீட்டுக்கு வந்துபோகும் எவரேனும் சொல்லி அழித்தாளா? யாருடைய யோசனை இது என்று கடுமையாக எழுதினேன்.

பதில் கேசட்டைக் கடையில் தனியாக, ஹெட்போனில் கேட்டேன்.

“சந்தேகப்பட்டு எழுதியிருக்கிய. அழிச்சது நாந்தான். போதும், இந்த வருசத்தோட வந்திருங்க, என்னால ஒத்தையில முடியலன்னு அழுதுட்டேன். பொறவுதான் நெனப்பு வந்துச்சு, அங்கன பத்து பேரு உக்காந்து கேப்பாவளேன்னு. உங்களுக்குக் கொறச்சலாப் போயிரும்லா.”

அன்று மாலை சாகுல் புதிய கேசட்டைப் போடச் சொன்னான். சரியாகப் பதியவில்லை என்று பொய் சொல்லி, பழையதையே ஓடவிட்டேன். ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை என்று கோமதி சொன்னதும் எல்லோரும் ஊர்ப்பேச்சில் இறங்கினார்கள். பல்லவி முடிந்தது. பாட்டு தாவிய அந்த இடத்தில் ஒன்பது பேர் துபாயில் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை.