ஆறு மணிப் புயல்

வானிலை முன்னறிவிப்பு என் தொழில். நாளைக்கு எத்தனை மணிக்குப் பனி கொட்டும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நான் சொல்லும் நேரத்தை நம்பி எங்கோ படகுகள் கரைக்குத் திரும்புகின்றன. எங்கள் வீட்டில் மட்டும் நான் சொல்லும் நேரம் பேரத்தின் தொடக்க விலை.

அதற்கு அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒஸ்லோவில் எங்கள் தமிழ் ஆட்களின் கொண்டாட்டம் எதுவானாலும், அழைப்பிதழில் ஒன்பது என்று அடித்திருந்தால் பத்தரை என்று அர்த்தம். அடிப்பவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். ஒருமுறை நான் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போட்ட நேரத்துக்கே போய்விட்டேன். வீட்டுக்காரர் மண்டபத்தில் இடுப்பில் சாரத்தோடு, ஆட்கள் உட்காரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறந்தநாள் பிள்ளை இன்னும் குளிக்கவில்லை. அதன் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் இதைக் கடலில் புயலாகத் திரளும் தாழமுக்கத்துக்கும் பொருத்துவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதுவும் என் கலியாணத்துக்கு.

மாப்பிள்ளை தெற்குக் கரையில், கிறிஸ்தியான்சானில் இருந்தார். இரண்டு அம்மாக்களும் சேர்ந்து எங்களை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார வைத்ததுதான் முதல் சந்திப்பு. கதைக்க ஒன்றும் இல்லாமல் அவர், "இண்டைக்கு மழை வருமோ?" என்று கேட்டார். நாலு மணிக்கு வரும் என்றேன். நாலு மணி கிட்ட வந்ததும் மனிதர் கதையைப் பாதியில் விட்டு எழும்பினார். "காரைக் கீழ்த் தரிப்பிடத்தில விட்டிட்டு வாறன், கண்ணாடி மூடுதில்லை." வெளியே அப்போது நல்ல வெயில். வேறொருத்தி என்றால் கோபித்திருப்பாள். எனக்கு அங்கேயே மனம் சரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு மழையை வைத்து ஒரு மனிதரை முடிவு செய்யலாமா? நான் சொல்வதிலிருந்து கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்க்கிற இன்னொருவரோடு என் மிச்சக் காலத்தையும் கழிக்க என்னால் ஏலாது. நிச்சயமான நாள் முதல் இந்தப் பயம் என்னை விடவேயில்லை.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோவ்னரில் ஒரு மண்டபத்தில். தாலிக்காக மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கியாகிவிட்டது. பொன்னுருக்கினால் பிறகு கலியாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மணவறை வரை ஒருவரையொருவர் பார்க்கவும் கூடாது. சாத்திரத்தில் தொலைபேசி பற்றி ஒன்றும் இல்லையே என்று நான் கேட்டதற்கு, "இருந்திருந்தால் போட்டிருப்பினம்" என்றார் அம்மா.

அந்த வாரம் நான் லீவில்தான் நின்றேன். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? வியாழக்கிழமை படங்களைத் திறந்து பார்த்தேன். தெற்கே கடலில் ஒரு தாழமுக்கம் உருண்டு திரண்டுகொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியளவில் கரையோரத்தில் பனி தொடங்கும். பின்னேரம் வீதிகள் மூடப்படும். புயல் விலகிப் போக, அதன் பின்னால் வடதுருவத்துக் குளிர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வரவேண்டிய வீதி அந்தக் கரையோர வீதிதான்.

"அம்மா, சனி மத்தியானத்துக்கு முதல் அவை ஒஸ்லோவுக்கு வந்திட வேணும். புயல் வருது."

"கலியாண வீட்டில பொம்பிளை புயல் எண்டு சொல்லக் கூடாது. வாயைக் கழுவு."

வாயைக் கழுவிவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் மறுபடியும் சொன்னேன். அம்மா யோசித்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, அதாவது எனக்கு மாமியாக வரப்போகிறவருக்கு, போன் எடுத்தார். "காலமை ஆறு மணிக்குப் பனி தொடங்குதாம்."

"நான் பன்னிரண்டு எண்டெல்லோ சொன்னனான்!"

"பன்னிரண்டு எண்டு சொன்னால் எங்கட சனம் மூண்டு மணிக்குத்தான் வெளிக்கிடும். உனக்கு வானம் தெரியும். எனக்குச் சனத்தைத் தெரியும்."

மாமிக்கும் சனத்தைத் தெரியும் என்பதை அம்மா மறந்துவிட்டார். அங்கே ஒரு மாநாடே கூடியதாகப் பிறகு அறிந்தேன். பொம்பிளை வீட்டார் ஆறு என்றால் உண்மையில் பத்து. பத்து என்று சொல்லிய பனி என்றைக்குப் பத்துக்கு வந்திருக்கிறது? எப்படியும் இரண்டு மணியாகும். ஆகவே பதினொன்றுக்கு பஸ்ஸை எடுத்தால் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். உலகத்தின் பெரிய கணினிகள் இரவு பகலாகக் கணித்துத் தந்த நேரம், இரண்டு வீட்டுச் சமையலறைகளில் இப்படித் திருத்தி வெளியிடப்பட்டது.

நான் குளியலறைக்குள் போய் மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "சனி பன்னிரண்டு. உண்மையான பன்னிரண்டு. அதுக்கு முதல் இஞ்சை நில்லும்." பதில் வருவதற்குள் அம்மா கதவைத் தட்டி, போனை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பத்து மணிக்கும் அப்படியே. அம்மா யன்னலால் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்குக் கிறிஸ்தியான்சான் பக்கம் பனி தொடங்கிவிட்டதாகத் தம்பி தன் போனைப் பார்த்துச் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தக் கலியாணத்துக்கு வருகிற புயல் நேரத்துக்கு வந்ததென்று பூரித்துப்போய் நின்ற ஒரே பொம்பிளை நானாகத்தான் இருப்பேன்.

மூன்று மணிக்கு மாமி போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். வீதிக்குக் குறுக்கே ஒரு லொறி வழுக்கி நிற்கிறதாம், பஸ் அசையவில்லையாம், பொலிஸார் எல்லோரையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் படுக்கச் சொல்கிறார்களாம். "தாலி என்னட்டைப் பத்திரமா இருக்குது. ஒண்டுக்கும் பயப்பிடாதைங்கோ." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாப்பிள்ளை அங்கையோ?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "எங்கையோ? பஸ்ஸில இல்லையோ?"

இல்லை. நண்பர்களின் வான் வண்டியில் வருவதாக பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் இருப்பதாக வான் வண்டியில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். விடியப் போகிறேன் என்று முதல் நாள் அவர் சொன்னதாக மாமிக்கு ஒரு ஞாபகம். "விடிய எண்டால் ஒரு பத்து மணிக்கு எழும்புவான் எண்டு நான் நினைச்சிட்டன்." அவருடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது.

வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. ஓடிவிட்டான் என்றார் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர். பொம்பிளை வாய் கூசாமல் புயல் புயல் என்று சொன்னால் என்ன நடக்கும் என்றார் இன்னொருவர். "ரயிலும் ஓடேல்லையாம்," என்றான் தம்பி. நான் மருதாணிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. என் பன்னிரண்டை அவரும் இரண்டாக்கி, தனியே காரில் வெளிக்கிட்டு எங்கேயாவது பள்ளத்தில் கிடக்கிறாரோ என்று நினைத்தேன். அதை நினைக்க அழுகை வந்தது, கூடவே கடும் கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

இருட்டின பிறகு வாசல் மணி அடித்தது. கலியாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், காலையிலிருந்து மண்டபத்தில் மணவறை சோடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பளித் தொப்பியோடு, காது வரை பனி அப்பிய ஒருவர்.

"தங்கச்சி, இந்தத் தம்பிக்குச் சாப்பாடு போடு. காலமையில இருந்து ஏணி பிடிச்சவர், வாழை கட்டினவர். உப்பிடியொரு பிள்ளையை நான் காணேல்லை. ஏதோ சொல்ல வந்தவர், நான்தான் முதல்ல வேலையை முடிப்பம் எண்டனான்."

அந்தத் தம்பி தொப்பியைக் கழற்றினார்.

அம்மா வீரிட்ட சத்தத்தில் மேல் மாடியிலும் கதவு திறந்தது. கைக்கு அகப்பட்டது சோபாவில் விரித்திருந்த துணி. அம்மா அதை உருவி எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, "பாராதை! பாராதைங்கோ!" என்று கத்தினார். மாமா மற்றப் பக்கத்தைப் பிடித்தார். என்ன நடக்கிறதென்று அவருக்கு அப்போதும் விளங்கவில்லை.

துணிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எப்ப வந்தனீர்?"

"முதல் ரயிலில. ஹோட்டல் அறை மூண்டு மணிக்குத்தான் எண்டாங்கள், அதுதான் மண்டபத்துக்குப் போனனான். போனில சார்ஜ் இல்லை." துணிக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன, உருகின பனியில் ஒரு குளம். "விடிய வெளிக்கிடுவம் எண்டு முதல் நாளே எல்லாரிட்டையும் சொன்னனான். சிரிச்சவை."

"தனிய ஏன் வந்தனீர்? பொன்னுருக்கினால் மாப்பிள்ளை தனிய வெளிக்கிடக் கூடாதெல்லோ."

"காவலுக்கு ஒரு தேசிக்காய் பொக்கற்றில வைச்சிருக்கிறன்." துணிக்குக் கீழால் அந்த எலுமிச்சங்காயை நீட்டிக் காட்டினார். "நீர் பன்னிரண்டு எண்டு சொன்னனீர் தானே."

நான் துணியின் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். சோபாத் துணியில் மூக்கைத் துடைக்காதே என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை விடிய, பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து. அதுவும் நான் சொன்னதுதான், ஆனால் கேட்க எவருக்கும் நேரமில்லை. மண்டப வாசலில் கட்டிய வாழை இலைகள் விறைத்துப்போய், உள்ளே வந்த ஒவ்வொருவரின் தோளிலும் பட்டு அப்பளம் மாதிரி நொறுங்கின. காஞ்சிபுரம் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்துகள். மாப்பிள்ளையின் காலை வாசலில் வைத்துத் தம்பி கழுவ வேண்டும். சுடுதண்ணீர்தான் ஊற்றினான். ஆனால் அது படியில் ஓடின இடத்திலேயே கண்ணாடியாகிவிட்டது. கால் கழுவியவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவது முறை; அவர் மோதிரத்தை நீட்ட, தம்பி கையுறையைக் கழற்ற மறுத்தான். கையுறைக்கு மேலேயே மோதிரம் ஏறியது.

மாப்பிள்ளை வந்துவிட்டார், தாலி வரவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தெழும்பிய பஸ் பனி வாரும் வண்டியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அழைப்பிதழில் போட்ட முகூர்த்தம் ஒன்பது. ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. ஐயர் மட்டும் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, முகூர்த்தம் முடிஞ்சிட்டுதே," என்றேன்.

ஐயர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். உண்மையான முகூர்த்தம் பதினொன்றுக்குப் பிறகு. அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும்போதே அம்மா அதையும் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார். அவருக்கும் ஐயருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

பதினொன்றுக்கு பஸ் வந்தது. மாமி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, வழுக்கும் படியில் இரண்டு பேர் தாங்க வந்து சேர்ந்தார். நல்ல நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. அம்மா என் காதுக்குள் குனிந்து, "எனக்குச் சனத்தைத் தெரியும் எண்டனான்," என்றார்.

தாலி கட்டி முடிந்து, எல்லோரும் அறுகரிசி போட்டு ஆசீர்வதித்துக்கொண்டிருந்தபோது மாமி மணவறைக்குக் கிட்ட வந்தார். முகம் வாடியிருந்தது, விளையாட்டு மண்டபத்துப் பாயின் கோடு கன்னத்தில் இன்னும் அழியவில்லை. "பிள்ளை, நீர் சொன்னதைக் கேட்டிருக்க வேணும். நாளைக்குத் திரும்பிப் போக எத்தினை மணிக்கு வெளிக்கிட்டால் நல்லது?"

"பத்து மணி, மாமி. அதுக்கு முதல் வீதி கண்ணாடி மாதிரி இருக்கும். பஸ்ஸும் ஸ்டார்ட் வராது."

மாமி தலையை ஆட்டினார். மனதில் வாங்கிக்கொண்டார் என்பது நன்றாகத் தெரிந்தது. பிறகு தன் ஆட்கள் இருந்த பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேளுங்கோ! நாளைக்கு ஏழு மணிக்கு வெளிக்கிட வேணுமாம். பொம்பிளை சொல்லுறா!"

பக்கத்தில் இருந்தவர் மாலையை விலக்கி என் பக்கம் சாய்ந்தார். "நாங்கள் பத்துக்கு வெளிக்கிடுவம்," என்றார்.