பலகைச் சந்தில் நின்ற துப்பாக்கிகள்

புளிக்கத் தொடங்கிய மரவள்ளி மாவுப் பசைக்கு ஒரு வாசனை உண்டு. கரப்பான் அண்டாமலிருக்க அம்மா அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைக் கலந்துவிட்டால் வாசனையோடு இளநீல நிறமும் சேர்ந்துகொள்ளும், எனக்கு அதுதான் தீபாவளி. மலாயாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பலகைச் சுவர். பலகைகளுக்கு நடுவே நெட்டுக்கு விரல் நுழையும் சந்து இருக்கும், அதன் வழியே மழைச்சாரலும் பக்கத்து வீட்டுச் சண்டையும் தாராளமாக வந்துபோகும். அதனால் தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டுக்கு வீடு "பேப்பர் ஒட்டு" நடக்கும்.

அப்பா பெரிய துரையின் பங்களாவில் சமையல்காரர். துரை படித்துத் தள்ளிய ஆங்கிலப் பத்திரிகைகள் அப்பா கையோடு லயத்துக்கு வரும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் ஓராண்டு வந்தவை முழுக்கத் துப்பாக்கிப் பத்திரிகைகள். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் காட்டுக்கு அரிசி கடத்துகிறோமா என்று சோதனை. துரையோ இடுப்பில் கைத்துப்பாக்கியில்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார். வேறு எதைப் படிக்க மனிதருக்கு மனம் வரும்? யுத்தத்தில் பேரெடுத்த பழைய பட்டாளத் துப்பாக்கியின் அமைப்பிலேயே, ஒரு தோட்டா போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்படி, வேட்டைக்காரர்களுக்காகச் செய்த புதிய துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நிறை குறை எழுதியிருப்பார்கள். துரை அங்கங்கே சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார்.

அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது; சந்தின் நீளம் தெரியும். இரண்டு பக்கத்துக்கு நீண்ட துப்பாக்கிப் படத்தைக் குத்துவாட்டில் நிறுத்தினால் அளவெடுத்துத் தைத்தது போலச் சந்தை அடைத்தது. வேலை முடிந்து வந்த அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேற படமே கெடைக்கலியா ஒனக்கு?"

"போன வருசத்துக் கேக்குப் படம் இத்துனூண்டு இருக்கு, சந்த அடைக்குமா?" என்றாள் அம்மா. மிச்சப் பக்கங்களைப் பசையோடு பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் கொடுத்தும் விட்டாள்.

பசை காய்வதற்குள் மழையோடு மழையாகப் பட்டாளம் வந்தது. அது வழக்கமான சோதனைதான், ஆனால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். சுவர் நிறையத் துப்பாக்கி, துப்பாக்கி நிறையச் சிவப்பு வட்டம். அன்றைக்கு ஒரு தோட்டாவோடு அகப்பட்டாலே தூக்கு. வெறும் சந்தேகம் என்றால்கூடச் சிறை, இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. அப்பாவைக் கைகளைத் தலைமேல் வைக்கச் சொல்லி லோரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வட்டம் போட்டவர் துரை என்று சொல்லலாமென்றால் அவர் பினாங்கில் இருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மொழிபெயர்க்க வந்த கிராணி, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, எதற்காக இதை ஒட்டினாய் என்று அம்மாவைக் கேட்டார்.

"எதுக்கா? இதுக்குத்தான்!" என்று அம்மா ஒரு படத்தின் ஓரத்தைப் பிய்த்தாள். மழைச்சாரல் அதிகாரியின் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, குத்துவாட்டில் இருந்த எழுத்தைப் படிக்கத் தலையை இடப்பக்கம் சாய்த்தார். சாய்ந்த தலை நிமிரவில்லை. ஆள் கட்டுரையில் விழுந்துவிட்டார். என்னவோ ஏதோ என்று பின்னால் நின்ற சிப்பாய்களும் ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்தார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது.

கடைசி வரிக்கு வந்ததும் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். முடிவு வேறொரு பக்கத்தில் என்று போட்டிருந்ததாம். அந்தப் பக்கம் எங்கே?

"லெட்சுமி வீட்ல," என்றாள் அம்மா.

லெட்சுமி அக்கா அதை முருகன் படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள். பூட்சுக் காலோடு உள்ளே நுழைந்த அதிகாரியை விளக்குமாறும் கையுமாக மறித்து, "கசுட் புக்கா லா! சாமி இருக்குது, கண்ணு தெரியல?" என்று, பூட்சைக் கழற்றச் சொல்லி மலாயும் தமிழுமாகக் கத்தினாள். கிராணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதிகாரி வாசற்படியில் உட்கார்ந்து பூட்சுக் கயிற்றை அவிழ்த்து, ஓட்டைக் காலுறையோடு உள்ளே போனார். அக்கா முருகனைக் கும்பிட்டு இறக்க, பின்னாலிருந்த பக்கத்தில் விலையைச் சுற்றித்தான் இருப்பதிலேயே பெரிய வட்டம். பக்கத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். காட்டிலிருக்கிறவன் எவனாவது விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவானா, இது சம்பளக்காரத் துரையின் வேலைதான் என்று அவர் சொன்னதைக் கிராணி எல்லோருக்கும் தமிழில் சொன்னார்.

"சரி, முடிவுல என்னதான் போட்ருக்கான்?" என்று கேட்டாள் அம்மா. அவ்வளவு தூரம் வந்தாயிற்று, அவளுக்கும் தெரியவேண்டியிருந்தது.

"குறி தப்பாதாம். கொஞ்சம் கனமாம். மழையில சிக்குமாம்," என்றார் கிராணி.

"இந்த ஊருக்கு ஆகாது," என்று தீர்ப்பளித்துவிட்டு அம்மா வெளியே வந்தாள்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. சிப்பாய்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடியதைப் பார்த்து, லயமே தூக்குக்குப் போகப்போகிறது என்று அவர் லோரியடியில் நின்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். போகலாம் என்றார்கள், கையை இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. வீடு வரைக்கும் கைகள் தலைமேலேயே நடந்து வந்தார். அம்மா அவரைப் பார்த்து, "கைய எறக்குங்க, விருந்தாளிங்க போயிட்டாங்க," என்றாள். சொல்லிவிட்டு அவர் கைகளைத் தானே பிடித்து இறக்கினாள்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா கவனமாகத் துரைசாணியின் பத்திரிகைகளாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அதில் உள்ளாடை விளம்பரங்கள்தான் நீளமாக இருந்தன. "துப்பாக்கியே தேவலாம்," என்றாள் அம்மா.

லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனைத் தோட்டம். இப்போது நான் இருக்கும் வீட்டுச் சுவர் கல். சந்தும் இல்லை, பசையும் இல்லை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் சரியாகத் தெரியாது. போன மாதம் தம்பி மகன் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவன் அதே பழைய பட்டாளத் துப்பாக்கியின் புது வார்ப்பைச் சுட்டு, நிறை குறை சொல்லிக்கொண்டிருந்தான். என் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது.

"நேராதான் இருக்கு அத்தை," என்று சிரித்தான் பையன். "இதப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"மழையில சிக்கும்," என்றேன்.

சிறிது நேரத்தில் கைப்பேசியில் இருந்தவனும் அதையே சொன்னான். பையன் என்னை வியப்போடு பார்த்தான். எனக்கோ, தலைமேல் கைவைத்தபடி மழையில் நடந்து வந்த அப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.