கம்பியின் கடைசி இடம்

ஒரு பெண்மணியை மூன்று வருடமாக நான் அக்கா என்று கூப்பிட்டு வருகிறேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பழிவாங்குவதில் என் திறமை அவ்வளவுதான். மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள், சூனியம் வைப்பார்கள். நான் நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, "அக்கா, சாப்டாச்சா?" என்பேன். அவர் நெற்றியில் ஒரு நரம்பு துடிக்கும். அன்று எனக்கு நல்ல தூக்கம் வரும்.

ஆரம்பித்தது அவர்தான். என் மகளை பேலே வகுப்பில் சேர்த்த முதல் நாள். ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக்குள், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்த நடனப் பள்ளி. கீழே ஊதுபத்திக் கடை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் குட்டிக் காரின் முன்னாலும் பின்னாலும் எல் எழுத்துத் தகடு, கூரையில் பயிற்சிப் பள்ளியின் பலகை. மகளை இறக்கிவிட்டு நின்றபோது, பக்கத்தில் கப்பல் மாதிரி ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"தம்பி, ஸ்டூடண்ட்ட இங்க ஏத்தாதீங்க லா. இது பேரண்ட்ஸ் நிறுத்துற இடம்."

நானும் பேரண்ட்தான் என்றேன். அவர் என் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த ரப்பர் ஜப்பான் சிலிப்பரைப் பார்த்தார். "ஓ" என்றார். அந்த ஓவை நான் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அரைத்தலை நரைத்த என்னைத் தம்பி ஆக்கியவரை மறு வாரமே அக்கா ஆக்கினேன்.

அவர் பல் டாக்டர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வாய் திறந்து பேசக் கூச்சப்படும் சீனப் பெண். ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் பெற்றோர் குழுவிடம் விட்டிருந்தார். பெற்றோர் குழு என்றால் அக்கா. நிகழ்ச்சிக்கு என்ன பூ, பிள்ளைகளுக்கு என்ன பலகாரம், வகுப்பில் யார் எங்கே நிற்பது, எல்லாம் அவர் விரல் காட்டுகிற வழி.

எங்கே நிற்பது என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். பேலே வகுப்பில் சுவரோரம் ஒரு நீளக் கம்பி இருக்கும். பிள்ளைகள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். டீச்சர் ஒரே ஒரு முறை செய்து காட்டுவார். முதலில் வலது காலால் செய்ய வேண்டும். அது மனதில் தங்காதவர்கள் முன்னால் நிற்பவளைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். முதல் இடம் கண்ணாடிப் பக்கம், டீச்சரின் கண்ணுக்கு நேராக. அங்கே எப்போதும் அக்காவின் மகள். கடைசி இடம் கதவோரம், சப்பாத்து அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில். அங்கே எப்போதும் என் மகள். உயரம்தான் காரணம் என்று அக்கா விளக்கினார். இரண்டு பிள்ளைகளும் ஒரே உயரம்.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வயதான அம்மையார் ஒருவர் வருவார். ஒரு வாரம் அவரே நேரில் சொல்லிக்கொடுப்பார். தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வரும் பிள்ளைகளை ஒரு நாள் கம்பியருகே நிறுத்தி ஆடவிட்டு, கைவிரலில் அடங்குகிற அளவு பேரைத்தான் அதற்கு எடுப்பார். பதினான்கு வயது தாண்டினால் முயற்சி செய்யவே முடியாது.

போன வருடம் என் மகளை எடுக்கவில்லை. அக்காவின் மகளை எடுத்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது அக்கா என் தோளைத் தொடாத குறையாக ஆறுதல் சொன்னார். என் மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

"தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க. பேசாம பரதத்துல போடுங்க. அதுதான் நம்ம பிள்ளைங்க உடம்புக்கு ஒத்து வரும்."

நம்ம பிள்ளைங்க என்று சொன்னவரின் பிள்ளை இளஞ்சிவப்புக் காலுறையோடு தேர்வாகி அவர் கையைப் பிடித்து நிற்கிறாள்.

மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கெலுகோர் வந்தேன். எங்கள் அடுக்குமாடி வாசலில் நிறுத்தியதும் சொன்னாள்.

"ப்பா, செலக்ட் பண்ண வந்த அந்தம்மா என்னைப் பாக்கவே இல்ல. பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா பரவால்ல."

அடுத்த வருடம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அக்கா என்று கூப்பிடுவது மட்டும் இனிப் போதாது என்று எனக்கு அந்த நிமிடம் விளங்கியது.

என் முதல் திட்டம் டுரியான், தின்பவனுக்கு மணக்கும், மற்றவனுக்கு நாறும் பழம். பாலிக் புலாவ் தோட்டத்தில் நன்றாகப் பழுத்த ஒன்றாகப் பார்த்து வாங்கி, அந்த வெள்ளை வண்டியின் பின் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவது. வெயிலில் கண்ணாடி மூடிய வண்டிக்குள் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழம் வாங்கும்வரை திட்டம் சரியாகத்தான் போனது. திரும்பும் வழியில் மணம் என்னைப் பழிவாங்கத் தொடங்கியது. இவ்வளவு நல்ல பழத்தை இவ்வளவு மோசமான ஆளுக்குக் கொடுப்பதா என்று நியாயமான ஒரு கேள்வி எழுந்தது. சாலையோரம் நிறுத்தி நானே முழுசாகத் தின்றேன். இரண்டு நாளைக்கு என்னிடம் கார் பழக வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி ஓட்டினார்கள்.

இரண்டாவது திட்டம் என் தொழிலிலிருந்து வந்தது. பயிற்சித் திடலில் நட்ட கம்பங்களைப் பார்த்துத்தான் என் மாணவர்கள் பின்னால் எடுத்து நிறுத்துவார்கள். இந்தக் கம்பம் கண்ணாடியில் தெரிந்தால் வளை, அந்தக் கம்பம் தெரிந்தால் நேராக்கு. கம்பம் இல்லாத இடத்தில் விட்டால் அழுதுவிடுவார்கள். ஒரு நாள் அப்படி ஒருவனை அழவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பியைப் பிடித்து வலது காலால் செய்து முடித்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? அப்படியே திரும்பி, அதையே இடது காலால் செய்கிறார்கள். திரும்பினால் வரிசையும் திரும்புகிறது. கதவோரம் கடைசியில் நின்ற என் மகள் முதல் ஆள் ஆகிறாள். அவளுக்கு முன்னால் கம்பமே கிடையாது. முதலில் நின்ற பல் டாக்டர் மகளுக்கோ ஒரு வரிசைக் கம்பம்.

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். "இடது கால மட்டும் பழகு. அந்தப் பக்கம் நீதான் மொத ஆளு."

அப்படியானால் தனக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்த ஆள் நான்தான்.

அப்படியாக நான் பேலே ஆடத் தொடங்கினேன். அவள் சமையலறை மேடை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். அவள் பின்னால் நான் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். முட்டியை மடக்கி இறங்குவதற்கு பிளியே என்று பெயர். நான் இறங்கினால் இரண்டு முட்டியும் தனித்தனியாகச் சத்தம் போடும். வயிறு எனக்கு முன்பே இறங்கி எனக்குப் பின்பே ஏறும். மருத்துவமனையில் வேலை முடிந்து வந்த என் மனைவி, கைலியோடு கால்களை அகட்டி நின்ற என்னைப் பார்த்து, ஐஸ்பெட்டியைத் தூக்கப் போகிறேனா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஆட்டம் எனக்கு வரவில்லை. அவள் காலைப் பார்த்து அப்படியே செய்தேன். இது அவளுக்குத் தெரிந்துபோனது. நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வாள். பாதத்தைப் பின்னால் சேர்க்க வேண்டிய இடத்தில் முன்னால் சேர்ப்பாள். நானும் பக்தியோடு முன்னால் சேர்ப்பேன். உடனே திரும்பிப் பார்ப்பாள்.

"மாட்டிக்கிட்டீங்க. நீங்க யோசிக்கலப்பா, காப்பி அடிக்கிறீங்க."

மாட்டிக்கொண்டால் அன்று பாத்திரம் கழுவுவது நான். பெரும்பாலும் நான்தான் கழுவினேன். அவள் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும், அக்கா, இருங்கள், இருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சட்டியைத் தேய்த்தேன்.

தேர்வு நாள் வந்தது. மாடிக் கதவருகே அக்கா நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தன் மகளைக் கண்ணாடிப் பக்கம் முதலில் நிறுத்தினார். என் மகளைப் பார்த்ததும் விரல் தானாகக் கதவோரம் காட்டியது.

"நீ அங்க நில்லும்மா, வழக்கம் போல."

"தேங்க்யூ, ஆன்ட்டி" என்றாள் என் மகள். அந்தக் குரலில் இருந்த இனிப்பில் நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை, உதவிக்கென்று அக்கா ஒருவருக்கு மட்டும் உண்டு. கதவுக் கண்ணாடியில் பழுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழ்மூலை கொஞ்சம் கிழிந்திருந்தது. ஓர் ஆண்மகன் செய்யக்கூடாத கோணத்தில் குனிந்து ஒரு கண்ணை அங்கே வைத்தேன். பின்னால் நின்ற அம்மாக்கள் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு என் சட்டையை இழுத்தார்கள்.

அம்மையார் குள்ளம், சால்வை போர்த்தியிருந்தார். ஒரு முறை செய்து காட்டினார். வலது காலால் எல்லாப் பிள்ளைகளும் அழகாகச் செய்தார்கள். முதலில் நின்ற அக்காவின் மகள் இன்னும் அழகாகவே செய்தாள், பொய் சொல்லக்கூடாது. பிறகு திரும்பினார்கள். என் மகள் முதல் ஆள் ஆனாள்.

இடது கால் முன்னால் போனது, சேர்ந்தது. பக்கவாட்டில் போனது. இப்போது பின்னால் சேர வேண்டும். முன்னால் சேர்ந்தது.

தப்பு. மற்றவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, என் முட்டிக்குத் தெரிந்தது. ஒரு வருட உழைப்பு சமையலறையோடு போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் நின்றவளும் முன்னால் சேர்த்தாள். அதற்குப் பின்னால் நின்றவளும். வரிசை முழுக்க, கண்ணாடிப் பக்கத்துக் கடைசி ஆள்வரை, ஒரே தப்பு ஒரே தாளத்தில் ஓடியது. கடைசி ஆள் அக்காவின் மகள்.

அம்மையார் கையைத் தூக்கினார். இசை நின்றது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். என் மகளிடம் வந்து குனிந்து ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவருடைய புருவம் நெற்றியின் உச்சிக்குப் போனது. பிறகு எல்லாரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இடது காலால், தனியாக, முன்னால் ஆள் இல்லாமல்.

என் மகள் பிசகாமல் செய்தாள். வேறு சிலரும் செய்தார்கள். பலர் தடுமாறினார்கள். அக்காவின் மகள் தொடங்கினாள், பக்கவாட்டில் காலை நீட்டினாள், முன்னால் யாரையோ தேடினாள். யாரும் இல்லை. நீட்டிய கால் நீட்டியபடியே நின்றது. மூலை நாற்காலியிலிருந்து அக்கா எழுந்து நின்றிருந்தார். அவர் தன் காலால் தரையில் காட்டிக்கொடுக்கப் பார்த்தார். அம்மையார் திரும்பி அவர் காலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் காட்சி கிழிந்த தாளின் வழியே தெரிந்தபோது எனக்கு டுரியான் தின்ற மாதிரி இருந்தது.

என் மகளை எடுத்தார்கள். அக்காவின் மகளை எடுக்கவில்லை.

கீழே வந்தால், ஊதுபத்திக் கடைக்குச் சரக்கு இறக்கும் லாரி சந்தின் ஒரு முனையை அடைத்துக்கொண்டு நின்றது. வெள்ளை வண்டியைப் பின்னாலேயே எடுத்து வெளியே போக வேண்டும். ஒரு பக்கம் மோட்டார்சைக்கிள்கள், இடது பக்கம் திறந்த கால்வாய். அக்கா கொஞ்சம் எடுத்தார், நிறுத்தினார். மறுபடி எடுத்தார், வண்டி அலறியது, நிறுத்தினார். நான் என் எல் எழுத்துக் காரில் சாய்ந்துகொண்டு நகத்தைப் பார்த்தேன். கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அண்ணே. மூன்று வருடம் காத்திருந்த சொல். அதைக் காதில் வைத்து ஒரு முறை உருட்டிப் பார்த்தேன். கைலி கட்டும் நிதானத்தோடு காற்சட்டையை மேலே இழுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினேன்.

"லெஃப்ட் பாருங்கக்கா. லெஃப்ட்தான் உங்களுக்கு வர மாட்டேங்குது."

நரம்பு துடித்தது. வண்டி சந்திலிருந்து வெளியேறியது. பின் இருக்கையில் அவர் மகள் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாவம் என்று தோன்றியது. அதை வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

காரில் ஏறியதும் மகளிடம் கேட்டேன், அந்தத் தப்பு எப்படி வந்தது என்று. அப்பாவுக்கு உயிரே போய்விட்டது என்றும் சொன்னேன். அவள் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு இல்லப்பா. உங்கள ஏமாத்துவேன்ல, அதான்."

"வேணும்னேவா?"

"அந்தம்மாவும் அதான் கேட்டாங்க. ஆமான்னேன். இன்னொரு வாட்டி பண்ணா வெளிய அனுப்பிருவேன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

சாலைமுனையில் விளக்கு பச்சை ஆகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எல் எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ பழகுகிறார்கள் என்று மன்னித்திருப்பார்கள். ஒரு வேளை தவறியிருந்தால் அவளுடைய கடைசி வாய்ப்பும் போயிருக்குமே என்றேன். அது தெரியும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இன்னும் எத்தன வருஷத்துக்குப்பா அக்கா அக்கான்னே கூப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க?"

வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே பாத்திரங்களை எல்லாம் கழுவினேன். அன்று நான் மாட்டிக்கொள்ளவில்லைதான். இருந்தாலும், இப்படிப்பட்ட மகளைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.