அக்காவின் விரதம்

நான் குடும்பநல மாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்ற பெண்களைப் பார்ப்பது என் வேலை. நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்பேன். இரண்டு கிழமைக்கு மேல் இப்படித்தான் என்றால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். கேள்விகள் எல்லாம் மனப்பாடம். ஊருக்குத்தான் உபதேசம்.

செட்டிபாளையத்தில் அக்காவும் நானும் ஒரே வளவில் இருக்கிறோம். அவளுக்கு முன்வீடு, எனக்குப் பின்வீடு. சித்திரை முடிவில் அக்கா மீனை ஒதுக்கினாள். எங்கள் அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். அந்த நாட்களில் ஊரில் யாரும் மீன் சமைப்பதில்லை. நேர்த்தி வைத்தவர்கள் அதற்கு முன்பே மீனை விட்டு, பேச்சைக் குறைத்து, தனிப்பாயில் படுப்பார்கள். என்ன நேர்த்தி என்று கேட்பது முறையில்லை. அக்காவும் பேசவில்லை. தனியாகப் படுத்தாள். விடிய முன்னமே எழும்பிக் குசினி வாசலில் குந்தியிருந்தாள். நாங்களும் கேட்கவில்லை.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாள் பக்கத்தில் இருந்து, என் மகளின் பள்ளிக்கூடச் சோதனைக்கும் சேர்த்துக் கும்பிடு அக்கா என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

சடங்கு முடிந்து கதவு சாத்தியபிறகு வாவி இறால் வாங்கிக் கறியாக்கினேன். இறால் என்றால் அக்காவுக்கு உயிர். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். விரதம்தான் முடிந்துவிட்டதே என்றேன்.

“நான் ஒண்டும் நேந்துக்கல்லகா,” என்றாள் அக்கா. “பசிக்கல்ல. எழும்பவே ஏலாமக் கிடக்கு. நீ கேப்பாய் எண்டுதான் பாத்துக்கிட்டிருந்தன்.”

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கேட்டதும் நான் ஊரெல்லாம் கேட்கும் அதே கேள்விகள்தான். எவ்வளவு நாளாக என்றபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து கிழமை என்று நான்தான் சொன்னேன்.

டொக்டர் தந்த குளிசையை அவள் குடிக்கத் தொடங்கி மூன்று கிழமையாகிறது. பலன் தெரிய நாளெடுக்கும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் நான். இப்போது அதை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், மனம் கேட்பதாயில்லை. தினமும் வேலைக்குப் போகமுன் அவள் வாசலில் நின்று, நித்திரை வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். ஓம் என்கிறாள். மூடிவைத்த சோறு மூடியபடியே இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வி என் மனப்பாடத்தில் இல்லை.