யாருக்கு முதலில் பயம்

உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் மகள், போர் தொடங்கியதும் விடுதியின் நிலவறையில் பல நாள் அடைந்து கிடந்து, கூட்டம் பிதுங்கிய ரயிலில் நின்றபடியே எல்லை வரை போய், போலந்து வழியாக அரூர் வந்து சேர்ந்தாள். செய்தி கேட்டு, பாப்பாரப்பட்டியிலிருந்து என் மனைவியின் அண்ணன் அவளைப் பார்க்க வந்தார்.

“மாப்ள, நீங்க ஸ்கூல்ல வரலாறு நடத்தறவரு. எதுக்குங்க இந்தச் சண்டை?” என்றார்.

தெரிந்ததைச் சொன்னேன். ரஷ்யாவுக்கு எதிராக மேற்கு நாடுகள் ஒரு ராணுவக் கூட்டணி வைத்திருக்கின்றன. பக்கத்திலிருக்கும் உக்ரைனும் அதில் சேர்ந்துவிட்டால், எதிராளியின் ஏவுகணை வாசலுக்கே வந்த மாதிரி. சுதாரிக்க நேரம் இருக்காது. முன்பு அந்தப் பக்கமிருந்து படைகள் வந்து நாட்டை அழித்ததையும் ரஷ்யர்கள் மறக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்லி முடித்தால் எனக்கே ஒரு திருப்தி வரும்.

“அவ்ளோ பெரிய நாட்டுக்கா பயம்?”

நான் வாயெடுப்பதற்குள் மகள் பேசினாள். “எங்க ஹாஸ்டல்ல சமைக்கிற அம்மாவும் பயந்துதான் மாமா கெடந்தாங்க. ரஷ்யா எப்ப வேணா உள்ள வந்துரும், கூட்டணியில சேந்தாத்தான் தப்பிப்போம்னு சொல்வாங்க. அந்தப் பயத்துலதான் இவங்க சேரப் பாத்தாங்க. இவங்க சேர்றாங்கன்னு அவங்களுக்குப் பயம். யாருப்பா மொதல்ல பயந்தது?”

“அப்ப தப்பு யாரு மேலங்க?” என்றார் மைத்துனர்.

“படையோட உள்ள பூந்தவங்க மேலதான்” என்றேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ரஷ்யாவின் பயம் வெறும் சாக்கு என்று சொல்ல முடியவில்லை. நிஜம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாடு யாரோடு சேரலாம் என்று பக்கத்து நாட்டைக் கேட்க வேண்டுமா? அதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சில மாதம் கழித்து, விட்ட படிப்பைத் தொடர மகளுக்கு ஜார்ஜியாவில் இடம் கிடைத்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அதற்கும் வடக்கே ரஷ்யா. அதுவும் அதே கூட்டணியில் சேர ஆசைப்பட்ட நாடு. ரஷ்யாவோடு ஒரு போரையும் பார்த்துவிட்டது.

“வேற நாடே கிடைக்கலியாம்மா?”

“எந்த நாட்டுக்குப் போனாலும் பக்கத்துல ஒரு நாடு இருக்குமேப்பா!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே அமைதியாகத்தான் இருக்கிறது என்கிறாள். கூட்டணியில் சேராததால் அந்த அமைதியா, இல்லை சேராததால்தான் ஆபத்தா? எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.