மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக விரிப்பு மடிக்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் முதலில் வேண்டியது ஒரு நாற்காலி. தண்ணீர் அப்புறம். மனிதர்கள் அதற்கும் அப்புறம். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டுக்குத்தான் வெளியே வருவாள். உருளை இஸ்திரி மெஷினிலிருந்து சூடாக வரும் விரிப்பின் இரண்டு முனையை இவள் பிடிக்க வேண்டும், மற்ற இரண்டை எதிரே நிற்பவள் பிடிக்க வேண்டும். நடந்து சேர்வார்கள், பிரிவார்கள், மறுபடி சேர்வார்கள். அத்தனை நடையையும் சாலையில் நடந்திருந்தால் ஏதாவது ஒரு நல்ல ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இவள் போய்ச் சேர்ந்தது ஐம்பத்து மூன்று வயதுக்கும் வீங்கின கணுக்காலுக்கும்தான்.

அவள் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அவளை ‘லாண்டரிக்காரி’ என்றுதான் கூப்பிட்டார். அதில் கேலி இல்லை, அது அவர் தொழில் பழக்கம். நூல் மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ஷிஃப்ட் தொடங்குமுன் மில் கேட்டருகே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை போடுவது அவர் வேலை. ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்ததால், வேலையையும் ஆளின் அடையாளத்தையும் சேர்த்து அவரே பட்டம் கட்டிவிட்டார். பாய்லர் குண்டன், கோன் வைண்டிங் நெட்டை, கேன்டீன் சிரிப்பு. கூப்பிட்டால் “இருக்கேன் சார்” என்று வர வேண்டும். வராவிட்டால் மனதுக்குள் மூன்று எண்ணுவார், பிறகு “ஆப்சென்ட்.” வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டு வராத பிள்ளைகளுக்கும் அதே ஆப்சென்ட்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அப்பா, அவள் தம்பி வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். தம்பி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகள் வீடு தரையோடு இருந்தது, அதனால் இங்கே வந்தார். நுரையீரலை ஏற்கெனவே பஞ்சுத் தூசு தின்று தீர்த்திருந்தது. “எத்தனை நாள்னு மட்டும் கேக்காதீங்க” என்றார் டாக்டர். கேட்காமலே தெரிந்துபோயிற்று.

அப்பாவோடு கூட ஒரு பெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஒரு சாண் உயரச் சூசையப்பர் சுரூபமும் வந்தன. நல்ல சாவு வேண்டுமென்றால் சூசையப்பரைத்தான் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் உறுதி. தலைமாட்டு ஸ்டூலில் அவரை வைக்கச் சொன்னார். மகள் வைத்தாள். வைத்தவள் அன்றிலிருந்து ஸ்டூலைத் துடைத்தாள், சுரூபத்தைத் துடைக்கவில்லை.

ஏனென்றால் அவள் புனிதர்கள் பக்கத்தையே விட்டு வந்தவள். பத்தொன்பது வருடத்துக்கு முன் கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அவள் போகாத மாதா கெபி இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய், செபஸ்தியாருக்கு ஒரு விரதம், இன்னும் யார் யாரோ சொன்ன யார் யாருக்கோ என்னென்னவோ. அரசாங்க ஆபீஸில் ஒவ்வொரு ஜன்னலாக நின்று, ‘இங்கே இல்லை, அங்கே போய்க் கேள்’ என்று விரட்டப்படுகிறவள் போல அலைந்தாள். கணவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளையும் இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே வாடகை ஹாலில் நடந்த சபைக்கு எதிர்வீட்டுக்காரி கூட்டிப்போனபோது, “நேரா ஆண்டவர்கிட்டயே பேசும்மா, நடுவுல யாரும் வேணாம்” என்றார்கள். அன்று உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியாக உட்கார்ந்த நாற்காலி. அதை விட்டு எழுந்து மறுபடி ஜன்னல் ஜன்னலாக நிற்க அவளுக்குத் தெம்பில்லை. பிடிவாதம் என்று தம்பி சொன்னான். பாதி அது, பாதி அலுப்பு.

அப்பாவுக்கோ சாயங்காலம் ஆறரை ஆனால் புனிதர்கள் மன்றாட்டு மாலை சொல்லியாக வேண்டும். அவர் ஒரு புனிதரைக் கூப்பிடுவார், கூட இருப்பவர் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்ல வேண்டும். அம்மா உயிரோடிருந்தவரை வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு மருமகள், கண் டிவியில் இருந்தாலும், சொன்னாள். இங்கே வந்த முதல் சாயங்காலம் அப்பா, “புனித சூசையப்பரே” என்றுவிட்டு நிறுத்தினார். மகள் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று எண்ணும் நேரம் போயிற்று.

“ஆப்சென்ட்” என்றார் அப்பா.

அன்றிலிருந்து இரண்டு பாகத்தையும் அவரே சொன்னார். பத்துப் பேருக்கு மேல் மூச்சு வராது. இருமி, வாயைப் பிளந்து காற்றைத் தேடி, மறுபடி பிடித்த இடத்திலிருந்து தொடங்குவார். மகள் கதவோரம் நின்று கேட்பாள். ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பாதி மூச்சு மிச்சம். சொன்னால், யாரை மட்டும் நம்பி இத்தனை வருடம் பிழைத்தாளோ அவருக்கு முன்னால் பொய் சொன்னதாகிவிடும். இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு மாதம் மூன்று ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரும் தம்பி அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

“சாகப்போற மனுஷன்க்கா. ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் அழுகிடுமா?”

“மனசுல இல்லாததை எப்படிடா சொல்றது?”

“ஆஸ்பத்திரியில டாக்டருக்கு வணக்கம் சொல்றியே, எல்லாம் மனசுல இருந்தா சொல்ற?”

“அப்போ நீயே தினமும் வந்து சொல்லு. ஆறரைக்குத்தானே?”

தம்பிக்கு ஆறரைக்கு டியூட்டி.

சபையிலிருந்து பாஸ்டரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அப்பாவுக்காக ஜெபிக்க வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள், பழங்கூட வாங்கி வந்தார்கள். ஆனால் அதில் ஒருத்தி கண்ணை மூடுவதற்கு முன், கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சுரூபத்தின் தலையோடு போர்த்திவிட்டாள். ஜெபம் முடியும்வரை அப்பா மரியாதையாகக் கை கூப்பியிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

“ஏம்மா, அவருக்குக் குளிருதா?”

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு வந்து துண்டை எடுத்தாள்.

“அவங்க தப்பா நினைச்சுச் செய்யலப்பா.”

“நான் ஒண்ணும் சொல்லலையே. ஆமா, அந்தம்மா போகும்போது உன்கிட்ட என்ன சொல்லிச்சு?”

“அவங்க பொண்ணுக்கு வரன் பாக்குறாங்களாம். ஜெபம் பண்ணிக்கச் சொன்னாங்க.”

“உன்கிட்ட கேக்கலாம். நான் சூசையப்பர்கிட்ட கேட்டா மட்டும் தப்பு.”

“நான் உயிரோட இருக்கேன்பா. அவர் செத்துப்போனவரு.”

“அங்க போனவங்க செத்தவங்கன்னு உனக்கு யார் சொன்னது?” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீ நேரா முதலாளி ரூமுக்குள்ள போறவ. போம்மா, நல்லதுதான். நான் கேட்டுல நின்னே பழகினவன். ஆளுங்க பேரைக் கூப்பிடாம எனக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது.”

அவளுக்குப் பதில் தெரியும், பைபிள் வசனம்கூடத் தெரியும். மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை. நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். அதுவரை பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுக்காரி, “இன்னிக்கு ஒண்ணுமே இறங்கலக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் பாலை ஆற்றிக்கொண்டு போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி போயிற்று. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. மணி ஆறரை.

“புனித சூசையப்பரே” என்றார் அப்பா. பதிலுக்கு நிறுத்தவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லத் தெம்பும் இல்லை. “புனித அந்தோணியாரே. புனித செபஸ்தியாரே.” பிறகு, “பாய்லர் குண்டனே” என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கோன் வைண்டிங் நெட்டையே. கேன்டீன் சிரிப்பே.” குரல் கேட்டருகே நின்ற காலத்துக் குரலாக மாறியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நொடி கொடுத்தார். எல்லோரும் செத்துப்போனவர்கள். குண்டன் சாவுக்கு இவளே போயிருக்கிறாள். நெட்டை இவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். “வெங்காயக்காரியே” என்றபோது அம்மாவைத்தான் சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. திருத்த வேண்டும் என்றோ தம்பிக்குப் போன் போட வேண்டும் என்றோ தோன்றவில்லை.

“லாண்டரிக்காரியே.”

கூப்பிட்டுவிட்டு அப்பா நிறுத்தினார். கண் மூடியிருந்தது. விரல் ஒன்று போர்வைமேல் மெல்லத் தட்டியது. ஒன்று. இரண்டு.

“இருக்கேன்பா” என்றாள்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஷிஃப்டுக்கு ஆள் சரியாக இருந்தால் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு, அன்று யாருக்கும் சொல்லாத அந்தப் பதிலை, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சொன்னார்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

பெற்ற மகளுக்கு அத்தனை மரியாதை. அவள் மூன்று மாதமாக எந்தப் புனிதரிடமும் கேட்க மறுத்த அதே வார்த்தைகள். இதற்கு என்ன வசனம் சொல்வது?

“சரிப்பா” என்றாள்.

வியாழக்கிழமை மதியம், அவள் வேலை முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரியின் போன் வந்தது.

அடக்கத்துக்கு அப்பாவின் கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். சபைக்காரர்கள் வெளியே வாசலோடு நின்றுகொண்டார்கள், துண்டு போர்த்தியவள் உட்பட. மன்றாட்டு மாலை சொன்னபோது உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சத்தமாகப் பதில் சொன்னார்கள். அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு சித்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபின், சூசையப்பரை எடுத்துக்கொண்டு போக வந்த தம்பி அறைவாசலிலேயே நின்றான்.

“கடைசி வரைக்கும் நீ அவருக்குச் சொல்லவே இல்லையில்ல?”

“அவர்தான்டா என்கிட்ட கேட்டாரு.”

“என்னத்தை?”

“வேண்டிக்கச் சொன்னாரு.”

தம்பி உள்ளே வந்தான். அக்கா முகத்தைப் பார்த்து, குரலை இறக்கிக்கொண்டான்.

“வேண்டிக்கிட்டியா?”

அவள் நாற்காலியில் சாய்ந்து வீங்கின காலைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்தாள். விரிப்பை அவளே உருவி மடித்து வைத்திருந்தாள், கட்டில் வெறுமையாகக் கிடந்தது. ‘எங்களுக்காக’ என்றுதான் அவர் கேட்டிருந்தார், ‘எனக்காக’ என்று இல்லை. செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் அவள் சபையில் கிடையாது. செவ்வாயிலிருந்து அவள் கண்ணை மூடினால் குண்டன் வருகிறான், நெட்டை வருகிறான், அம்மா வருகிறாள்.

“இன்னும் முடிக்கலடா” என்றாள்.