வேலிக்குள் போன வேம்புகள்

பெருந்தெருவிலிருந்து உள்ளே வரும் எங்கள் சின்ன ஒழுங்கைக்கு நிழல் வேண்டும் என்று நான் ஓடித்திரிந்ததற்கு ஒரே காரணம் அம்மா. கொழும்புத்துறையில் கடலுக்குக் கிட்டிய குடியிருப்பு எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிதண்ணீரை ஒரு உழவு இயந்திரம் தாங்கியில் இழுத்துவந்து ஒழுங்கைக்குள் நிறுத்திக் கொடுக்கும். அதை ஓட்டுகிற மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். பத்து மணிக்கு வரவேண்டியது ஒரு மணிக்கு வரும், சில நாள் வராமலே விடும். வாளியோடு வெயிலில் காத்துநின்ற அம்மா ஒருநாள் மயங்கி விழுந்தார். இனி வெயிலில் நிற்கக்கூடாது என்றார் வைத்தியர். நான் படிப்பிக்கப் போய்விட்டால் வேறு யார் நிற்பது?

சனசமூக நிலையம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் மூன்றையும் ஓரிடத்தில் இருத்த எனக்கு நான்கு மாதம் பிடித்தது. யார் தலைமை தாங்குவது என்பதிலேயே இரண்டு கூட்டம் போனது. மூன்றாவதில்தான் மரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் சிலர் வேப்பங்கன்றுகளைச் சும்மா தந்தார்கள். சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தோம். பதினொரு வீட்டுக்கு, வாசல் படலைக்கு ஒன்றாகப் பதினொரு கன்று. ஆடு கடிக்காமல் அடைப்பது அந்தந்த வீட்டின் பொறுப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நம்பினேனே, என்னைச் சொல்லவேண்டும்.

அடைத்தார்கள்தான். கன்றைச் சுற்றிச் சின்னதாய் ஒரு கூடு கட்டுவார்கள் என்று நான் நினைத்திருக்க, அவர்கள் வேலியையே முன்னுக்கு அரக்கிக் கன்றை வளவுக்குள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் அல்ல. மாரிக்கு முன் ஒரு சாண், கிடுகு மாற்றும்போது ஒரு முழம். கேட்டால் ஆட்டுக்காகத்தான் என்பார்கள். எங்கள் ஆட்கள், கேட்டால் உயிரையும் தருவார்கள், எல்லையில் மட்டும் ஒரு விரற்கடை தரமாட்டார்கள். ஆளில்லாத இரண்டு வீடுகளின் கன்றுகள் மட்டும் சொன்ன இடத்தில் வெளியே நின்றன. ஆடுகள் ஒரு கிழமையில் அவற்றின் கதையை முடித்துவிட்டன.

மற்ற ஒன்பதும் மூன்று வருடத்தில் கூரைக்கு மேலே போயின. ஒழுங்கை முழுவதும் அருமையான நிழல். ஆனால் உழவு இயந்திரம் உள்ளே வரமுடியவில்லை. சாரதி ஒருநாள் தாங்கியை இரண்டு வேலிக்கு நடுவில் இறுக்கிவிட்டு, வெளியே எடுக்கப் பெரும்பாடு பட்டார். இனிமேல் பெருந்தெருவில்தான் தண்ணீர் என்று சொல்லிப் போய்விட்டார். பெருந்தெருவிலோ மருந்துக்கும் ஒரு மரமில்லை. நிழல் ஒழுங்கைக்குள் கிடக்க, சனம் வெயிலில் வரிசையில் நின்றது.

திரும்பவும் கூட்டம் கூட்டினேன். வேலிகள் பழைய இடத்துக்குப் போகவேண்டும் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அரக்கினது பக்கத்து வீட்டு வேலிதான் என்று எல்லோருமே சொன்னார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெட்கமில்லையா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். முன்வீட்டு அக்கா நான் முடிக்கும்வரை பார்த்திருந்தார்.

"கோவியாதேங்கோ ரீச்சர். முதல் அரக்கினது உங்கடை அம்மாதான். அதைப் பாத்துத்தான் நாங்களும் செய்தனாங்கள்."

ஊரார் வேலியெல்லாம் அளந்து திரிந்த எனக்கு, தினமும் திறந்து மூடுகிற என் வீட்டுப் படலை நகர்ந்தது தெரியவில்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான். வெளியிலை விட்ட ரெண்டுக்கும் என்ன நடந்தது? உன்ரை கூட்டத்தாலை ஒரு மரமும் வளரேல்லை, பிள்ளை. வேலிக்குள்ளை எடுத்ததாலைதான் வளந்தது."

அம்மா சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அடுத்தநாள் விடிந்ததும் வேலிக் கட்டுகளை அறுத்து, வேர்விட்டுப்போன கதியால் தடிகளைத் தோண்டியெடுத்து, பழைய எல்லையில் நட்டேன். வழியில் போனவர்கள் நின்று என்னைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டுத் தங்கள் வேலிக்குள் போனார்கள். மற்ற எட்டு வேலிகளும் அசையவில்லை. எங்கள் வீட்டு முன்னால் மட்டும் அகலமான ஒழுங்கைக்குள் எந்த உழவு இயந்திரம் வரும்?

அந்தச் சனிக்கிழமை ஆளுக்கு ஒரு வாளிதான் என்றார்கள். நான் மட்டும் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஒரு வாளி காணாது என்று அம்மாவும் வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். தாங்கி கண்ணுக்கு முன்னால் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்தார், அப்படியே சரிந்தார்.

வாளிகளை விட்டுவிட்டு, இன்னொருவரின் உதவியோடு அவரைத் தூக்கிவந்து ஒழுங்கைக்குள் கிடத்தினேன். முகத்தில் தெளிக்க முன்வீட்டு அக்கா உவர்த் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா கண் திறந்து மேலே பார்த்தார்.

"நல்ல நிழல்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரை அக்காவிடம் விட்டுவிட்டுப் பெருந்தெருவுக்கு ஓடினேன். வரிசையில் நாங்கள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். எங்கள் இரண்டு வாளிகளையும் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்திருந்தார்கள்.